மாந்தோவாவில் இரண்டு இரவுகள்: போவதற்கு முன் எழும் கேள்விகள்

இத்தாலியின் வடக்கே, லொம்பார்தி மாநிலத்தில், மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்த சின்ன ஊர் மாந்தோவா. ஆங்கில வரைபடங்களில் மாண்டுவா என்று இருக்கும். ரயில் நிலையப் பலகையில் மாந்தோவா. வாரக் கடைசியோடு ஒரு நாள் சேர்த்துக் கலைக்காகவே ஒரு ஊருக்குப் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ் எல்லாம் இருக்கும்போது மாந்தோவா எதற்கு?

இத்தாலிக்கு இதுதான் முதல் பயணம் என்றால் ரோமுக்கே போங்கள். இரண்டாவது தடவை போகிறவர்களுக்கும், ஐரோப்பாவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும்தான் மாந்தோவா.

காரணம் இதுதான். கொன்சாகா என்ற ஒரே குடும்பம் 1328 முதல் 1707 வரை இந்த ஊரை ஆண்டது. படையில் பெரியவர்கள் இல்லை, பணத்திலும் ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு ஈடில்லை. ஆனால் ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவருவதில் அவர்களுக்கு ஒரு வெறி இருந்தது. மாந்தென்யா இங்கேயே பல பத்தாண்டுகள் அரண்மனை ஓவியராக இருந்தார். ரஃபேலின் சீடர் ஜூலியோ ரொமானோ வந்து ஊரையே மாற்றிக் கட்டினார். மொந்தெவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ இசை நாடகம் 1607-இல் இந்த அரண்மனையில்தான் முதலில் அரங்கேறியது.

அப்புறம் எல்லாம் கவிழ்ந்தது. கடன் முற்றிப் போய், குடும்பத்தின் ஓவியச் சேகரிப்பில் பெரும்பகுதியை 1627–28-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லசுக்கு விற்றார்கள். 1630-இல் புனித ரோமப் பேரரசின் படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. கூடவே பிளேக் நோயும் வந்தது. மாந்தென்யாவின் ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ ஓவிய வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போக முடிந்ததெல்லாம் போய்விட்டது. சுவரோடும் கூரையோடும் ஒட்டியிருந்தது மட்டும் தங்கிவிட்டது. அதனால் இங்கே இருப்பதை எந்தக் கண்காட்சியும் உங்கள் ஊருக்குக் கொண்டுவரப் போவதில்லை. நாம்தான் போக வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்? வெரோனாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாமா?

போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இங்கே பலாட்சோ துகாலே, பலாட்சோ தே என்று இரண்டு அரண்மனைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் அரை நாளைச் சாப்பிட்டுவிடும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் மாலைக்குள் எந்தக் கூரையில் எந்தத் தேவதை இருந்தது என்பதே குழம்பிப் போகும். இரண்டு இரவு, நாளுக்கு ஒரு அரண்மனை என்பதே சரியான அளவு. பகல் பயணிகள் ஐந்து மணி ரயிலைப் பிடித்துப் போன பிறகு சதுக்கங்களில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள். அந்த நேரத்துக்காகவே இரவு தங்கலாம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். போ நதிச் சமவெளியின் கோடை புழுக்கமானது. ஏரிகள் இருப்பதால் கொசுவும் உண்டு. நம்மூர்க் கொசுவர்த்தி ஞாபகம் வந்துவிடும். குளிர்காலத்தில் மூடுபனி அடர்த்தியாக இறங்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும், எதிர்க்கரையிலிருந்து ஊரைப் படம் எடுக்க நினைப்பவர்களுக்குப் பிடிக்காது.

கோடையில் போக ஒரே நல்ல காரணம் தாமரை. மேல் ஏரியில் ஜூலை, ஆகஸ்டில் ஏக்கர் கணக்கில் பூத்திருக்கும். இது இந்த மண்ணின் செடி அல்ல. ஆசியாவிலிருந்து வந்த தாமரையை 1921-இல் இங்கே நட்டார்கள், அது பரவி இன்று ஏரியையே அடைத்துவிடும் அளவுக்குப் போய்விட்டது. வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பூக்காலத்தில் படகுகள் அதற்குள்ளேயே கூட்டிப் போகும்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஐந்து நாள் இலக்கிய விழா நடக்கும். 1997-இல் தொடங்கியது. ஊரின் முற்றங்கள், தேவாலயங்கள், சதுக்கங்கள் எல்லாம் எழுத்தாளர்கள் பேசும் மேடையாகிவிடும். இத்தாலிய மொழி தெரிந்தால் அந்த வாரம் போவது பெரிய சந்தோஷம். தெரியாவிட்டால் அந்த வாரத்தைத் தவிருங்கள், அறை கிடைப்பதே கஷ்டம்.

எப்படிப் போய்ச் சேருவது?

மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு, சுமார் 2 மணி நேரம், கிரெமோனா வழியாக. வெரோனாவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். வெனிஸிலிருந்து வருபவர்கள் வெரோனாவில் மாற வேண்டும். பொலோன்யாவிலிருந்து வருபவர்கள் மொதெனாவில் மாறலாம். பக்கத்து விமான நிலையம் வெரோனா. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மிலானில் இறங்குவதுதான் வசதி.

இவை வட்டார ரயில்கள். அதிவேக ரயில் மாதிரி முன்பே எடுத்தால் மலிவு என்ற கதை இதில் இல்லை. விலை ஒன்றேதான், அன்றன்றைக்கு வாங்கினால் போதும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட வேண்டி வரும்.

நிலையத்திலிருந்து பழைய ஊரின் நடுப்பகுதிக்குப் பதினைந்து நிமிட நடை. வழி முழுக்கச் சமதளம்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இடைவெளி இருக்க வேண்டும், கோடைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நிம்மதி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸில் வசிப்பு அட்டையோடு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிரிட்டனில் இருந்துகொண்டு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு உண்டு.

பலாட்சோ துகாலே மிகப் பெரியது என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?

500-க்கு மேல் அறைகள். ஒரே கட்டடம் என்று சொல்ல முடியாது. கோட்டை, மாளிகைகள், தோட்டங்கள், முற்றங்கள் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த ஒரு குட்டி ஊர். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். அரசு அருங்காட்சியகம் என்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அந்த அளவுக்குக் கூட்டமும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சான் ஜோர்ஜோ கோட்டையின் கோபுரத்தில் உள்ள ‘மணமக்கள் அறை’. மாந்தென்யா 1465-இல் தொடங்கி 1474-இல் முடித்தது. அறை பெரிதல்ல, பக்கத்துக்கு எட்டு மீட்டர் இருக்கும். ஒரு சுவரில் ஆட்சியாளர் லுதோவிகோ கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார், நாற்காலிக்கு அடியில் அவருடைய நாய். சுற்றிலும் மனைவி, பிள்ளைகள், அலுவலர்கள். யாரும் அழகுபடுத்தப்படவில்லை, மூக்கும் தாடையும் இருந்தது இருந்தபடியே. அரச குடும்பம் ஒன்று இப்படித் தன்னை வரையச் சம்மதித்ததே ஆச்சரியம்தான்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, அதற்கு மேல் வானம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பெண்கள் உங்களைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். குண்டுக் குழந்தைகள் விளிம்பில் நிற்கின்றன. ஒரு செடித் தொட்டி வெறும் கழி ஒன்றின் மேல் நிற்கிறது, எப்போது தலையில் விழுமோ என்றிருக்கும். அங்கே திறப்பு எதுவும் இல்லை, எல்லாம் பூச்சின் மேல் வண்ணம். தரையிலிருந்து பார்ப்பவனின் கண்ணைக் கணக்கில் கொண்டு கூரையைத் திறந்துகாட்டும் இந்த வித்தை பின்னால் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இலைக் கொடிகளுக்கு நடுவே மாந்தென்யா தன் முகத்தையும் ஒளித்து வைத்திருக்கிறார். எங்கே என்று சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரைத் தேடச் சொல்லுங்கள்.

2012 நிலநடுக்கத்தில் கோட்டை பாதிக்கப்பட்டு, இந்த அறை 2015 வரை மூடியே இருந்தது. இப்போதும் ஒரு நேரத்தில் குறைந்த பேரைத்தான் விடுகிறார்கள், உள்ளே நிற்கவும் சில நிமிடங்கள்தான். அதனால் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே போனதும் போனை எடுக்காதீர்கள், அந்த நிமிடங்கள் அதிலேயே போய்விடும்.

மற்றவற்றில் இரண்டு போதும். பிசானெல்லோ வரைந்து பாதியில் விட்ட போர்க் காட்சி ஒன்று. பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1960-களில்தான் வெளிவந்தது. இன்னொன்று ரூபென்ஸ் 1605-இல் வரைந்த பெரிய குடும்ப ஓவியம். நெப்போலியன் காலத்தில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சில துண்டுகள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. மிச்சத்தை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள், வெட்டுகள் தெரிகின்றன.

துகாலே, தே — ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

சிரமமான கேள்வி. ஓவியம் தெரிந்தவர்கள் துகாலே என்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், அருங்காட்சியகம் என்றாலே சலிப்படைபவர்களுக்கும் பலாட்சோ தே.

ஜூலியோ ரொமானோ 1524-இலிருந்து பத்தாண்டில் கட்டிய இன்ப மாளிகை இது. அன்று ஊருக்கு வெளியே ஒரு தீவாக இருந்த இடம், குதிரை லாயம் இருந்தது. இதைக் கட்டச் சொன்ன ஆட்சியாளர் ஃபெதெரிகோ கொன்சாகாவுக்கு குதிரை என்றால் உயிர். ஒரு கூடத்தின் சுவர்களில் தெய்வங்களுக்கும் தூண்களுக்கும் முன்னால் அவருடைய குதிரைகள் நிஜ அளவில் நிற்கின்றன. முற்றத்தில் நின்று மேலே நன்றாகக் கவனியுங்கள்: தூண்களுக்கு மேல் வரிசையில் இருக்க வேண்டிய சில கற்கள் கீழே நழுவினாற்போல் இருக்கும். சிதிலம் அல்ல, கட்டும்போதே செய்த குறும்பு. கட்டடக்கலை விதிகளைக் கரைத்துக் குடித்த ஒருவர் அவற்றையே கிண்டல் செய்கிறார்.

கடைசியில் அரக்கர்கள் அறை. ஜூபிடர் இடி எறிய, மலையும் தூணும் சரிந்து அரக்கர்களின் மேல் விழுகின்றன. சுவருக்கும் கூரைக்கும் நடுவே மூலையே தெரியாதபடி வளைத்துப் பூசி, முழுவதையும் ஒரே காட்சியாக வரைந்திருக்கிறார்கள். நிற்கும் இடத்தில் நமக்கே கொஞ்சம் தலை சுற்றும். ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர் மூலையில் கேட்கும், சோதித்துப் பாருங்கள். அரக்கர்களின் உடம்பில் பழைய காலத்துப் பயணிகள் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டுப் பக்கத்தில் காதலியின் பெயரைச் செதுக்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் அல்ல.

நடுப்பகுதியிலிருந்து இங்கே இருபது நிமிட நடை. போகும் வழியில் மாந்தென்யாவின் வீடு இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டமான முற்றம்.

அரண்மனைகளைத் தவிர?

சாந்த் ஆந்திரேயா தேவாலயம். ஆல்பெர்த்தி வடிவமைத்தார், 1472-இல் வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பே அவர் இறந்துவிட்டார். முகப்பு ரோமானிய வெற்றி வளைவு போல இருக்கும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் முதல் சிற்றாலயத்தில் மாந்தென்யாவின் கல்லறை, வெண்கலத்தில் அவருடைய முகம், கோபக்காரர் என்று பார்த்தாலே தெரியும். அனுமதி இலவசம். ஆனால் மதியம் சில மணி நேரம் மூடுவது இத்தாலியத் தேவாலயங்களின் வழக்கம், காலையிலேயே போங்கள்.

பக்கத்திலேயே, தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கி, சான் லொரென்சோ என்ற வட்டமான செங்கல் ஆலயம். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் வீடுகள் எழும்பி நெடுங்காலம் அதை மறைத்திருந்தன. அதை ஒட்டிய கோபுரத்தில் 1473-இல் வைத்த வானியல் கடிகாரம்.

பிபியேனா அரங்கம் சின்னது, மணி வடிவத்தில், மாடம் மாடமாக. திறந்தது 1769 டிசம்பரில். அடுத்த மாதமே, 1770 ஜனவரி 16 அன்று, பதினான்கு வயது நிரம்பாத மொட்சார்ட் இங்கே வாசித்தார். அரை மணி நேரம் போதும்.

தொல்லியல் அருங்காட்சியகத்தில் ‘வல்தாரோ காதலர்கள்’ இருக்கிறார்கள். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே முகம் பார்த்தபடி, கைகால் பின்னிப் புதைக்கப்பட்ட இரண்டு இளம் எலும்புக்கூடுகள், 2007-இல் கிடைத்தவை. காதலர்களா என்பது யாருக்கும் தெரியாது. பெயர் நிலைத்துவிட்டது.

‘ரிகொலெத்தோவின் வீடு’ பார்க்க வேண்டுமா?

வெர்தியின் இசை நாடகத்தில் வரும் கோமாளி அவன். நிஜத்தில் இல்லாதவனுக்கு வீடு மட்டும் இருக்கிறது. வாசலில் சிலையோடு ஒரு படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இந்த ஊரின் பெருமைக்குரிய உணவே பூசணிக்காயில்தான் செய்கிறார்கள். தொர்தெல்லி தி சூக்கா: பூசணி விழுது, பாதாம் சுவையுள்ள பிஸ்கட் தூள், பாலாடைக்கட்டி, மொஸ்தார்தா எல்லாம் சேர்த்து மாவுக்குள் வைத்து மடித்து, வெண்ணெயும் சேஜ் இலையும் ஊற்றித் தருவார்கள். இனிப்பும் உப்புமாக இருக்கும். முதல் வாயில் முகம் சுளிப்பவர்கள் உண்டு, மூன்றாவது வாயில் சரியாகிவிடும். மொஸ்தார்தா என்பது சர்க்கரைப் பாகில் ஊறிய பழம், கடுகுச் சாரத்தின் காரம் மூக்கில் ஏறும். பாலாடைக்கட்டியோடு தனியாகவும் தருவார்கள், தயங்காமல் வாங்குங்கள்.

இனி எச்சரிக்கைகள். தொர்தெல்லி மாவில் முட்டை உண்டு. கிரானா பதானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள், கண்டிப்பான சைவர்கள் அதை விலக்க வேண்டியிருக்கும். ‘ரிசொத்தோ அல்லா பிலோத்தா’ பார்க்க வெறும் சோறு போல இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி. ஆன்யோலி என்பது இறைச்சி வைத்தது, இறைச்சிச் சாறில் மிதப்பது. பட்டியலில் கழுதைக் குழம்பும் உண்டு, ஸ்த்ராகோத்தோ தி ஆசினோ என்ற பெயரில். ஊரின் உதிரும் கேக்கான ஸ்பிரிசொலோனாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். இப்போது பலரும் வெண்ணெய்தான், என்றாலும் கேட்டு வாங்குங்கள். அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் உடைக்க வேண்டும்.

முட்டையும் பாலாடைக்கட்டியும் வேண்டாதவர்களுக்கு பீட்சா மரினாரா எப்போதும் கை கொடுக்கும். ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘சென்சா ப்ரோதோ தி கார்னே’ என்று இறைச்சிச் சாறும் வேண்டாமெனச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மதிய உணவு பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டரை வரை. தவறவிட்டால் இரவு ஏழரை வரை சமையலறை திறக்காது. பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஒரு தொகை இருக்கும்; அது இருக்கைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

வீரமாமுனிவர் இந்தப் பக்கத்துக்காரர் என்கிறார்களே?

ஆமாம். ‘தேம்பாவணி’யும் ‘சதுரகராதி’யும் தந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680-இல் பிறந்தது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். மாந்தோவா மாவட்டத்தைச் சேர்ந்தது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடமேற்கே, பேருந்து உண்டு. பரமார்த்த குருவையும் சீடர்களையும் நமக்குக் கொடுத்தவர் நடந்த தெருக்களைப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு அரை நாள் ஒதுக்கலாம்.

அதே ஊர்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் லுயிஜி கொன்சாகா பிறந்த ஊரும். 1568-இல், ஆளும் கொன்சாகாக்களின் ஒரு கிளையில் பிறந்து, உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தவர். பெஸ்கியும் பின்னால் அதே சபையில்தான் சேர்ந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் அருங்காட்சியகம் ஒன்றும் இங்கே இருக்கிறது: 1859 சொல்ஃபெரீனோ போரில் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்து போட்டது இந்த ஊர்த் தேவாலயங்களில். அதைக் கண்ட ஆன்றி துனாந்தின் மனத்தில்தான் சங்கத்துக்கான எண்ணம் விழுந்தது.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மேடு பள்ளம் கிடையாது, தூரமும் அதிகம் இல்லை. ஆனால் பழைய தெருக்களில் உருண்டைக் கற்கள் பதித்திருக்கும். முட்டிவலிக்காரர்களுக்குத் தடித்த அடியுள்ள காலணி வேண்டும். துகாலேயில் நடையும் படிகளும் நிறைய. சக்கரப் பெட்டியை அந்தக் கற்களில் இழுப்பது பெரிய சத்தம், தோள் பையே மேல்.

காரில் போகலாமா?

பழைய ஊருக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும். கேமரா வண்டியின் எண்ணைப் படம் பிடிக்கும், பல மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் வந்து சேரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.

கடைசி நாள் காலை மட்டும் மிச்சம். என்ன செய்யலாம்?

வியாழன் என்றால் வாரச்சந்தை. வேறு நாள் என்றால் சான் ஜோர்ஜோ பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்கு நடங்கள். கோட்டையும் கோபுரங்களும் குவிமாடமும் தண்ணீருக்கு மேல் வரிசையாகத் தெரியும், காலை வெயில் அவற்றின் மேல் விழும். கால் வலிமை உள்ளவர்கள் சைக்கிள் வாடகைக்கு எடுத்து மிஞ்சோ ஆற்றோரமாக வடக்கே போகலாம். கார்தா ஏரிக்கரையில் உள்ள பெஸ்கியேரா வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கிட்டத்தட்ட முழுவதும் சமதளம். அங்கிருந்து ரயிலில் வெரோனா வழியாகத் திரும்பலாம். வட்டார ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.